வாய் வரைக்கும் வந்த சொல்

1

போன வருடம் நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம், என் மகள் ரிஃபாவின் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சாக்லேட் கேக் வாங்கினேன். ரிஃபா எதற்கோ தேர்வாகிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

பள்ளியில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்தின் வடக்கே, வெயிலைவிட மழை அதிகம் பார்க்கிற சின்ன ஊர் இது. இங்கே பிள்ளைகளின் மனநலத்தையும் சங்கடங்களையும் கவனிப்பதற்கென்றே பள்ளியில் ஓர் ஆசிரியை இருக்கிறார். மிஸஸ் காலின்ஸ் என்று பெயர். என் கணவர் காசிம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று அவருக்குப் பகல் டூட்டி. நான் மட்டும் போனேன்.

மிஸஸ் காலின்ஸ் நிதானமாகத்தான் பேசினார். ஆனால் இந்தப் பக்கத்து இங்கிலீஷில் பாதிச் சொல் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும். எனக்கு இரண்டு சொற்கள் பிடிபட்டன. ஒன்று ‘செலக்டிவ்’. இன்னொன்று ‘மியூ’ என்று ஆரம்பித்து நடுவில் கரைந்துபோனது. நான் அதை ‘மியூசிக்’ என்று எடுத்துக்கொண்டேன். ரிஃபா வீட்டில் நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருப்பவள். குளியலறையில் பாட்டு, படிக்கட்டில் பாட்டு. பாட்டுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“வெரி ஹேப்பி” என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு என் கையை லேசாகத் தொட்டு, மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். நல்ல சேதியைக்கூட இவ்வளவு சோகமாகச் சொல்கிறார்களே இந்த ஊர்க்காரர்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

காசிம் டூட்டி முடிந்து வந்ததும் கேக்கைக் காட்டினேன். “உங்க மக பாட்டுக்கு செலக்ட் ஆயிட்டா.” அவர் சிரித்துக்கொண்டே அந்தத் தாளை வாங்கிப் பிரித்தார். சிரிப்பு நின்றது. முதலிலிருந்து மறுபடி படித்தார்.

“ஜொஹரா, இது பாட்டு இல்ல” என்றார். “ரிஃபா பள்ளிக்கூடத்துல பேசுறதே இல்லையாம்.”

மாடியில் ரிஃபா ஊரிலிருக்கும் தன் மாமன் மகளோடு வீடியோவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கூரையைப் பிளந்தது.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். காசிம் பல வருடம் துபாயில் இருந்தார். பிறகு இங்கே வேலை கிடைத்தது. ரிஃபாவும் நானும் சாயல்குடிக்குக் கிழக்கே, எங்கள் கடலோர ஊரில் இருந்தோம். ரிஃபாவுக்கு ஒன்பது வயதானபோது இருவரும் இங்கே வந்து சேர்ந்தோம். ஊரில் அவளுடைய டீச்சர், “இவ வாய்க்குப் பூட்டு வாங்கிக் குடுங்க” என்று என்னிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

இங்கே வந்து முதல் வருடம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். “ரிஃபா ரொம்ப அமைதி. மெல்லப் பழகிவருகிறாள்” என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியூர் போய் அடக்கமாக நடந்துகொள்கிறாள் என்று உம்மாவிடம் போனில் சொன்னேன். புது மொழிக்கு வரும் பிள்ளைகள் சில மாதம் வாய் திறக்காமல் இருப்பது சகஜம் என்று பள்ளியும் காத்திருந்திருக்கிறது. எழுதச் சொன்னால் எழுதினாள். கணக்கில் முதல் வரிசை. அப்படியே ஒன்றரை வருடம் போய்விட்டது.

அந்தத் தாளில் இருந்ததைக் காசிம் எனக்கு மெதுவாகச் சொன்னார். நான் ‘மியூசிக்’ என்று எடுத்துக்கொண்டது ‘மியூட்டிசம்’, பேசாமை. சில பிள்ளைகள் வீட்டில் நன்றாகப் பேசுவார்கள். பள்ளி போன்ற இடங்களில் அவர்களுக்குக் குரல் எழும்பாது. அது பிடிவாதம் இல்லை. பயம் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறது. திட்டினாலும் கெஞ்சினாலும் இன்னும் இறுகும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேக்கை வெட்டினோம். “எதுக்கு உம்மா கேக்கு?” என்று கேட்டாள் ரிஃபா. “சும்மா” என்றேன்.

3

அடுத்த சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பள்ளி போனில் ஏற்பாடு செய்திருந்தது. மேசை நடுவில் போனை வைத்தார்கள். இலங்கைக்காரர். அன்பான குரல்.

“பிள்ளை வீட்டில நல்லாக் கதைக்கிறவவோ?” என்று கேட்டார்.

“ஓ, கதையெல்லாம் நல்லாச் சொல்லுவா” என்றேன். “ராஜா கதை, பேய்க் கதை...”

போனில் அவர் குறுக்கிட்டார். “இல்லை அக்கா, கதைக்கிறது எண்டா பேசுறது.”

காசிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸஸ் காலின்ஸும், என்னவென்று தெரியாமலே, சிரித்தார். அந்த அறையில் நான் சற்று மூச்சுவிட்டது அப்போதுதான்.

பிறகு காகித வேலை தொடங்கியது. பேச்சுச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்ப ஒரு விண்ணப்பம். வீட்டில் பேசும் மொழி எது, குழந்தை எந்த வயதில் முதல் சொல் சொன்னாள், பிரசவம் எப்படி. காசிம் ஆஸ்பத்திரிக்காரர் என்பதால் அதெல்லாம் அவருக்குப் பழக்கம். எழுதி அனுப்பினோம். கிடைத்தது என்று பதில் வந்தது. வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருங்கள் என்று அடுத்த பதில். எவ்வளவு காலம் என்று காசிம் போன் செய்து கேட்டார். சொல்ல முடியாது என்றார்கள்.

ஊரிலிருந்தும் யோசனைகள் வந்தன. என் மாமியார் தண்ணீர் ஓதி அனுப்புவதாகச் சொன்னார். என் உம்மா, “பச்சைப் புள்ளையக் குளுருக்குள்ள கொண்டுபோய் வச்சா வாய் எப்படித் தொறக்கும்” என்று அழுதார். நோன்பு வைத்துக்கொண்டு நான் சாண்ட்விச் தொழிற்சாலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் ரிஃபாவுக்கான துஆ, அல்லாஹ்விடம் வேண்டுதல், ஓடிக்கொண்டேயிருந்தது.

பெருநாள் கழித்து ஒரு நாள், பள்ளி விட்டதும் வாசலில் ரிஃபாவைக் கூப்பிடப் போனேன். இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தெரு திரும்பும்வரை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பியதும் அப்படியே உட்கார்ந்து, “உம்மா, வலி தாங்கல” என்று கத்தினாள்.

மதிய இடைவேளையில் விளையாடும்போது விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். அதோடு மதியம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவளும் அழவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தபோது காசிம் கேட்டார். “இவ்வளவு வலியில ஏம்மா சொல்லல?”

“சொல்லத்தான் நெனச்சேன் வாப்பா. மிஸ் பக்கத்துல போயி நின்னேன். அவங்க ‘என்ன செல்லம்’னு கேட்டாங்க. தொண்டை பூட்டிக்கிருச்சு. பென்சில் வேணுமாக்கும்னு பென்சில் குடுத்துட்டாங்க.”

வீட்டுக்கு வந்து அவள் தூங்கிய பிறகு காசிம் சொன்னார். “ஊர்லயே விட்டுருவோம் ஜொஹரா. உங்க உம்மாகிட்ட இருக்கட்டும். அங்கன பேசுவா. நாம வருசத்துக்கு ஒருதரம் போய்ப் பாத்துக்கிருவோம்.”

வருடத்துக்கு ஒருதரம் பார்க்கிற வாழ்க்கை என்ன என்று எனக்குத் தெரியும். சவுதியில் இருந்த என் வாப்பாவை நான் அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன். துபாயில் இருந்த காசிமை ரிஃபா அப்படித்தான் பார்த்தாள். அதை முடிப்பதற்காகத்தான் மூவரும் ஒரே கூரைக்கு வந்தோம். இதை அவரிடம் சொல்லவில்லை. மணிக்கட்டு உடைந்தும் வாய் திறக்க முடியாத இடத்தில் பிள்ளையை வைத்திருப்பதற்கு என்னிடம் என்ன நியாயம் இருந்தது?

4

அந்த நாட்களில்தான் முனீஸ்வரி அடிக்கடி நினைவுக்கு வந்தாள்.

ஏழாம் வகுப்பில் எங்களோடு படித்தவள். மாரியூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளைப் பெற்ற அய்யா, வத்தை என்கிற சிறு படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ஐப்பசிக் காற்றில் ஒருநாள் போனவர் திரும்பவில்லை. வத்தை மட்டும் கரை ஒதுங்கியது. சில வாரம் கழித்து முனீஸ்வரி பள்ளிக்கு வந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. அதற்கடுத்த மாதமும் பேசவில்லை.

மனநலம் என்றெல்லாம் அப்போது எங்கள் பள்ளியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு டீச்சர், “வாயத் தொற” என்று கையில் ஸ்கேலால் அடித்தார். பையன்கள் ‘ஊமச்சி’ என்றார்கள். வகுப்பாசிரியர் ஞானப்பிரகாசம் சார்தான் அந்த அடியை நிறுத்தியவர். வராந்தாவில் அந்த டீச்சரிடம் அவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் ஜன்னல் வழியே பார்த்தோம். அதன் பிறகு முனீஸ்வரியை யாரும் அடிக்கவில்லை.

காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொருவரும் “உள்ளேன் அய்யா” சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சார் திரும்பக் கூப்பிடுவார், அதட்டுவார். முனீஸ்வரியின் பெயர் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். இருக்கிறாளா, இருக்கிறாள். பேனா ஓடும். பதிலுக்கு நிற்காமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். தினமும்.

எவ்வளவு பெரிய மனசு என்று நான் வியந்திருக்கிறேன். காசிமிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மிஸஸ் காலின்ஸிடமும் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு ஆசிரியர் இருந்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என எனக்கு ஆசை. ரிஃபாவின் வகுப்பு டீச்சரும் இப்போது அப்படித்தான் செய்கிறார் என்றார் மிஸஸ் காலின்ஸ். பெயரைக் கூப்பிட்டு, ஒரு புன்னகையோடு தாண்டிப் போய்விடுகிறாராம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

5

பழைய வகுப்புத் தோழிகள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் கேட்டு முனீஸ்வரியின் நம்பர் வாங்கினேன். என்ன கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. இங்கே காலை, அங்கே மதியம் தாண்டிய நேரம். எடுத்த எடுப்பில் காற்றுச் சத்தம்.

“யாரு? ஜொஹராவா? எடியே, எங்கனடி இருக்க?”

ஏழாம் வகுப்புக்குப் பிறகு நான் கேட்கும் முதல் பேச்சு. அவ்வளவு கனத்த குரல் அவளுக்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“இப்பத்தான் பாசி எடுத்துட்டுக் கரையேறுனேன்” என்றாள். கடலில் இறங்கிப் பாறை இடுக்கில் இருக்கும் கடல்பாசியைப் பறித்து விற்கிற வேலை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். நலம் விசாரித்து முடித்ததும் ரிஃபாவைப் பற்றிச் சொன்னேன். கை உடைந்ததைச் சொன்னேன்.

“உன்னைய நெனச்சுக்கிட்டேன் முனீஸ்” என்றேன். “ஞானப்பிரகாசம் சார் உன் பேரைக் கூப்புட்டுட்டு நிக்காமப் போவாருல்ல, அது மாதிரி இங்கயும் ஒரு டீச்சர் இருக்காங்க. அந்த மட்டும் நல்லதுன்னு...”

பாசி மூட்டையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

“நல்ல மனுசந்தான் அவரு” என்றாள் பிறகு. “என்னைய அடிக்க விடல. அத மறக்கக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்லவா? அந்த ‘உள்ளேன் அய்யா’ எனக்கு வாய் வரைக்கும் வந்துரும்டி. நாலஞ்சு பேருக்கு முன்னாடி கூப்புடறப்பவே நாக்கைத் தயார் பண்ணி வச்சிருப்பேன். இன்னைக்கு எப்படியும் சொல்லிரணும்னு. என் பேரைச் சொல்லுவாரு. பாப்பாரு. நான் மூச்சை இழுக்குறதுக்குள்ள ராணி பேருக்குப் போயிருவாரு. தெனமும் இதே கூத்து. அப்புறம் நானும் தயார் பண்றத விட்டுட்டேன்.”

“அப்ப, நின்னு கேட்டிருக்கணும்ங்கிறியா?”

“நின்னு மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா அன்னைக்கே நான் செத்திருப்பேன். பாக்கவும் வேணாம், போயிரவும் வேணாம். வெளிய எங்கயாச்சும் பாக்குற மாதிரி ஒரு மூச்சு நேரம் நின்னிருக்கலாம். என் கதைக்குச் சொல்றேன். உன் மகளுக்கு எப்படியோ, அவகிட்டத்தான் கேக்கணும்.”

“அப்புறம் எப்பப் பேசுன?”

“பள்ளிக்கூடத்துல எங்க பேசுனேன்? எட்டோட நின்னுட்டேன்ல. நீ ராம்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்ட, உனக்குத் தெரியாது. பேச்சு வந்தது கடல்லதான். கழுத்துத் தண்ணியில நிக்குறப்ப, அல வருதுன்னு பக்கத்துல நிக்குறவளுக்குக் கத்திச் சொல்லாட்டி அவ போயிருவா. அப்படிக் கத்திக் கத்தி வந்ததுதான்.” சிரித்தாள். “இப்ப வாய மூடச் சொல்றாக. எங்க புள்ளைக பள்ளிக்கூடத்துல மேலாண்மைக் குழுவுல இருக்கேன். பொம்பளப் புள்ளைக கக்கூசுக்குத் தாப்பா இல்ல. அதுக்குப் பயந்து புள்ளைக காலையிலருந்து தண்ணியே குடிக்காதுக. மத்தியானம் தலவலின்னு படுத்துக்கிரும். படிக்க மாட்டேங்குதுன்னு டீச்சர் சொல்லுறாக. மூணு மீட்டிங்குல கத்துனேன். தாப்பா போட்டாச்சு.”

காசிம் ரிஃபாவை ஊரில் விடச் சொல்கிறார் என்பதையும் சொன்னேன்.

“கொண்டாந்து விட்டா இங்கன பேசுவா” என்றாள் முனீஸ்வரி. “பேசுனா மட்டும் போதுமா? நீயி பக்கத்துல இல்லன்னா அவ யாருகிட்டப் பேசணும்?”

6

ரிஃபாவிடம் கேட்டேன். இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான். “மிஸ் உன் பேரைக் கூப்புடறப்ப என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் இல்ல. அவங்க சிரிச்சுட்டுப் போயிருவாங்க.”

“போகாம இருந்தா?”

இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள். “தெரியல. போயிருவாங்கன்னு தெரியும்ல, அதனால நான் ஒண்ணும் பண்றதில்ல.”

அடுத்த சந்திப்பில் இதை மிஸஸ் காலின்ஸிடம் சொன்னோம். முனீஸ்வரி சொன்னதையும் காசிம் எடுத்துச் சொன்னார். அவர் தலையாட்டினார். எங்களுக்குக் கொடுத்திருந்த அதே தாளை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். கேட்டுவிட்டுச் சற்று நேரம் விடுங்கள், குழந்தையின் முகத்தையே பார்க்காதீர்கள் என்று அங்கே அச்சாகியிருந்தது. “வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கும்போது முதலில் காணாமல் போகிற வரி இதுதான்” என்றார். பென்சில் கொடுத்த அந்த டீச்சரும் வந்திருந்தார். இளம்பெண். மணிக்கட்டு விஷயத்தைப் பேசும்போது அவர் கண் கலங்கியது. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அன்று அது போய்விட்டது.

நிபுணருக்கான வரிசை நகரவில்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று பள்ளி ஒரு வழி சொன்னது. ஜேனட் என்ற உதவி ஆசிரியை இதற்கு முன் இன்னொரு பிள்ளையோடு இப்படி வேலை செய்திருக்கிறார். பள்ளி விட்ட பிறகு, வாரத்தில் சில நாள், காலியான ஒரு சின்ன அறையில் நானும் ரிஃபாவும் விளையாட வேண்டும். தமிழிலேயே பேசலாம். ஜேனட் முதலில் அறைக்கு வரவே மாட்டார்.

காசிம் ஒப்புக்கொண்டார். “கோடை லீவு வரைக்கும் பாப்போம். ஒண்ணும் நடக்கலைன்னா ஊரு” என்றார். நான் தொழிற்சாலையில் காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

முதல் நாள் ரிஃபா அறைக்குள் என் காதில்கூடப் பேசவில்லை. பரமபத அட்டை ஒன்று இருந்தது. தாயக்கட்டையை உருட்டினோம், காயை நகர்த்தினோம். இரண்டாம் வாரம் எண்களை முணுமுணுத்தாள். பிறகு நான் வேண்டுமென்றே தப்பாக எண்ணிப் பாம்பைத் தாண்டினேன். பொறுத்துப் பார்த்தாள். அடுத்த முறையும் தாண்டியபோது, “உம்மா, ஏமாத்துறீங்க” என்று வெடித்தாள். அந்தக் கட்டடத்துக்குள் என் பிள்ளையின் குரல். உடனே வாயைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. “ஆமா, ஏமாத்துனேன். அதுக்கென்ன இப்ப” என்றேன்.

அடுத்த வாரங்களில் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. வராந்தாவில் ஜேனட் புத்தகம் அடுக்குகிற சத்தம். பிறகு கதவு முழுதும் திறந்தது. பிறகு ஜேனட் உள்ளே வந்து, எங்களுக்கு முதுகு காட்டி, தாள்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ரிஃபாவின் குரல் சுருங்கும். நாங்கள் அவசரப்படவில்லை. மறுபடி பாம்பு, மறுபடி சண்டை, குரல் மெல்ல விரியும்.

ஜேனட் மேசைக்கு வந்தது ஜூன் மாதம். தமிழ் எண்களை என்னிடம் கேட்டு எழுதிவைத்துப் பழகியிருக்கிறார். தாயக்கட்டையை உருட்டி, காயை நகர்த்தி, “ஒன்னூ, ரெண்டூ, மூனூ, நால்” என்றார். அங்கேயே நின்றார். யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். நானும் மழையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு நீளமாக இருந்தது.

“நாலு” என்றாள் ரிஃபா.

“நாலு. தேங்க் யூ” என்றார் ஜேனட். அடுத்த கட்டத்துக்குக் காயை நகர்த்தினார். கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. தாயக்கட்டையை என்னிடம் நீட்டினார். உருட்டிவிட்டு, இந்த முறை நிஜமாகவே தப்பாக எண்ணினேன்.

அன்று மாலை காசிம் மூன்று பேருக்கும் தேநீர் போட்டார். ஊர்ப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

7

அந்த அறையின் முறையில் ஒன்றை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கேட்டபோது அது பெரிதாகப் படவில்லை. ஜேனட் நெருங்கி வரவர, நான் விலகிப் போக வேண்டும். மேசையிலிருந்து என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டேன். அடுத்த வாரம் சுவரோரம். அதற்கடுத்த வாரம் வாசல். பள்ளி விடுமுறைக்கு முன்னால் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு குரல்கள் கேட்டன. இரண்டும் இங்கிலீஷில்.

செப்டம்பரில் புது வகுப்பு, புது டீச்சர். பாதி வழியிலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்த முறை சீக்கிரம் நடந்தது. பிறகு அந்த அறைக்கு ஒரு தோழி வந்தாள், பிறகு இன்னொருத்தி. இப்போதும் முழு வகுப்பு முன்னால் அவளால் பேச முடியாது. பேச்சுச் சிகிச்சை நிபுணரை டிசம்பரில் பார்த்தோம். பள்ளி செய்வதையே தொடரச் சொன்னார். வருகிற செப்டம்பரில் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே யார் இருப்பார்கள், யாருக்குக் காத்திருக்கத் தெரியும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. பள்ளியில் குரல் திறக்கத் திறக்க, வீட்டில் தமிழ் குறைந்தது. தோழிகளோடு போனில் பேசும் பேச்சு சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. ‘உம்மா’ சில நேரம் ‘மம்’ ஆகிறது. ஊரிலிருக்கும் மாமன் மகளோடு வீடியோவில் சண்டை போடுவது குறைந்துவிட்டது. சண்டை போடும் அளவுக்குச் சொல் வேகமாக வருவதில்லையாம். போன வாரம் நான் ஏதோ கேட்டதற்கு, “அதுக்குத் தமிழ்ல எப்படிச் சொல்றது?” என்று நின்றாள். நான் உடனே எடுத்துக் கொடுக்கப் போனேன். வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே தேடி எடுத்துச் சொன்னாள். வேறு சொல்தான். சரியான சொல் இல்லை. திருத்தவில்லை.

பள்ளிகள் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுத எனக்குத் தகுதியில்லை. இரண்டு ஊரிலும் நல்ல மனிதர்களைப் பார்த்தேன். ஞானப்பிரகாசம் சாருக்குச் சொல்லிக்கொடுக்க அந்தக் காலத்தில் யாரும் இல்லை. அவருக்குத் தெரிந்த அளவில் அவர் அன்பாக இருந்தார். இங்கே தாள் இருக்கிறது, அறை இருக்கிறது, ஜேனட் இருக்கிறார். அப்படியும் ஒரு எலும்பு உடைந்த பிறகுதான் கதவு திறந்தது. முனீஸ்வரியிடம் இதைச் சொன்னால், “அப்ப அங்கயும் மூணு மீட்டிங்குல கத்தணும் போல” என்கிறாள்.

8

நேற்று முன்தினம் பள்ளியிலிருந்து போன் வந்தது. மிஸஸ் காலின்ஸ். இப்போது அவர் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரிகிறது.

ஒரு சின்ன விஷயம், விதிப்படி பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஆரம்பித்தார். ரிஃபாவின் வகுப்பில் லூசி என்று ஒரு பெண். நல்ல பிள்ளை. ரிஃபாவிடம் யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு அவளே பதில் சொல்லிவிடுவாள். ரிஃபாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம், ரிஃபாவுக்கு அது பிடிக்காதாம், ரிஃபா பேசமாட்டாள். அன்று மதியச் சாப்பாட்டு வரிசையில் பரிமாறுகிறவர், பட்டாணியா சோளமா என்று ரிஃபாவிடம் கேட்டிருக்கிறார். “அவளுக்குச் சோளம்” என்று லூசி சொல்லியிருக்கிறாள். ரிஃபா திரும்பி, மொத்த வரிசையும் கேட்க, “ஷட் அப், லூசி” என்று சொல்லிவிட்டாள்.

இங்கே பள்ளியில் அது தடைசெய்யப்பட்ட சொல். சொன்னால் ஓர் எச்சரிக்கை உண்டு. ரிஃபாவுக்கும் கொடுத்துவிட்டோம் என்றார் மிஸஸ் காலின்ஸ். விதியை மாற்ற முடியாது, மன்னியுங்கள் என்றார். அவர் குரல் தழுதழுத்தது. நான் மறுபடி எதையோ தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று சந்தேகமாகி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். தப்பாகக் கேட்கவில்லை.

லூசியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் விதி. பேச முடியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம் என்று ரிஃபாவுக்குத் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறார்கள்.

மாலையில் காசிம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். “கூடப் படிக்கிற புள்ளைய அப்படிச் சொல்லலாமா?”

“தப்புதான் வாப்பா.”

“மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தியா?”

“எழுதல. போயிச் சொல்லிட்டேன். சாரி லூசி, ஷட் அப் சொன்னது தப்புன்னு.” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “அப்புறம் நீயும் எனக்குச் சாரி சொல்லணும்னு சொன்னேன். நான் பட்டாணிதான் கேக்க இருந்தேன்.”

“அவ சொன்னாளா?”

“உடனே சொல்லல” என்றாள் ரிஃபா. “நின்னு பாத்தேன். சொன்னா.”